அண்ணன் வேறு ஏரிக்குப் போன சனிக்கிழமை

1

என் அண்ணன் ஜெர்மனிக்கு வந்த ஆறாம் நாள் ரயிலில் தொலைந்துபோனார்.

அண்ணன் பெயர் ஜமால். வயது அறுபத்தொன்று. பொன்மலை ரயில்வே பணிமனையில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு முன்னால் எங்கள் அத்தாவும் அதே பணிமனையில்தான். ரயில் பெட்டிக்கு அடியில் படுத்துச் சம்பாதித்த குடும்பம் எங்களுடையது. அந்த வீட்டு ஆளை ரயிலில் தொலைத்துவிட்டேன் என்று தென்னூரில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் நாங்கள் இருவரும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அண்ணன் ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. போன வாரம் அவரே போனில், "நீதான் எதையாவது எழுதிக்கிட்டே இருப்பியே, அந்த ரயில் கதைய எழுதேன்" என்றார்.

"எல்லாத்தையுமா?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும்தான்" என்றார்.

2

நான் பானு. தென்னூரில் பிறந்தேன், திருச்சியிலேயே நர்ஸ் படிப்பு முடித்தேன், எட்டு வருடத்துக்கு முன் ஜெர்மனிக்கு வந்தேன். கணவருக்கு ஒரு கிடங்கில் வேலை, சனிக்கிழமையும் உண்டு. மகள் ரீமாவை இங்கே கூட்டி வந்தபோது அவளுக்கு ஏழு வயது. விமானத்தில் இருந்து இறங்கும்போது, "அம்மா, இங்க ஏன் யாருமே சத்தம் போடல?" என்று தமிழில் கேட்டவள், இப்போது பதினைந்து வயதில் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறாள். புரியாமல் இல்லை. எல்லாம் புரிகிறது. வாய்தான் அந்தப் பக்கம் போய்விட்டது.

முதலில் வடக்கே ஒரு சின்ன ஊரில் இருந்தோம். போன வருடம்தான் மியூனிக்குக்கு மாறினோம். இங்கே ஒரு மாத டிக்கெட் உண்டு. அதை வாங்கிவிட்டால் நாடு முழுக்க எந்தச் சாதாரண ரயிலிலும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கலாம். வேக ரயிலில் மட்டும் ஏறக் கூடாது. வெயில் காலம் வந்தால் ஸ்டேஷனில் ஒரு மடக்குத் தாள் வைத்திருப்பார்கள். எந்தச் சனிக்கிழமை எந்த ஊரில் என்ன விசேஷம், எந்த ரயிலில் போகலாம் என்று அதில் படத்தோடு போட்டிருக்கும். ஏரித் திருவிழா, செர்ரிப்பழச் சந்தை, இடிந்த கோட்டைக்குள் பாட்டுக் கச்சேரி. வருடா வருடம் அதில் ஒன்றை எடுத்து வந்து சமையலறைக் கதவில் ஒட்டுவேன். முதல் சில வருடம் ரீமா அதில் வட்டம் போடுவாள். இப்போது அந்தக் கதவைத் திறந்து மூடுவதோடு சரி.

அண்ணன் வருவதற்கு விசா வாங்குவது லேசாக இல்லை. நான் ஓர் உறுதிமொழித் தாள், என் சம்பளச் சீட்டு, வீட்டு ஒப்பந்தம் எல்லாம் அனுப்பினேன். அங்கே அவரை உட்கார வைத்து, "நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்களாம். அண்ணன் பென்ஷன் புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறார். "இத விட்டுட்டு எவனாவது ஓடுவானா சார்?" என்றும் கேட்டாராம். விசா கிடைத்துவிட்டது. மூன்று வாரம்.

வந்த அன்றைக்கு மாத டிக்கெட் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப இது பாஸ்தானே!"

"பாஸ் மாதிரிதாண்ணே. ஆனா காசு குடுத்து வாங்கணும்."

"எங்க, குடு பாப்போம்."

என் போனைக் காட்டினேன். டிக்கெட் அதற்குள்தான் இருக்கிறது என்றதும் அவருக்கு வருத்தம். "கையில வச்சிருந்தாத்தான்மா பாஸு" என்றார்.

3

எங்கள் அத்தாவுக்கு ரயில்வே பாஸ் உண்டு. அது கல்யாணம், மவுத்து, வேண்டுதல் என்று தூரப் பயணங்களுக்கே போய்விடும். ஆனால் கோடை லீவில் ஒரு நாள், டிக்கெட் எடுத்தாவது எங்களை ரயிலில் கூட்டிக்கொண்டு போவார். நாகூருக்குப் போனால் கடல். வையம்பட்டிப் பக்கம் போனால் மாமு வீட்டு மாந்தோப்பு. ஆனால் எனக்கு ஞாபகத்தில் தங்கியது மிகச் சின்னப் பயணம்தான். சித்திரைத் தேருக்கு ஸ்ரீரங்கம்.

ஜங்ஷனில் ஏறினால் ஸ்ரீரங்கத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. பஸ்ஸில் போனால் இன்னும் சீக்கிரம். ஆனால் அத்தாவுக்கு ரயில்தான். பொன்மலை வந்ததும், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோல, "அந்தா, அந்தக் கூரைக்குக் கீழதான் நான் இருப்பேன்" என்பார். டவுன் ஸ்டேஷன் தாண்டினால் மலைக்கோட்டை கூடவே திரும்பி வரும். அப்புறம் பாலம். சித்திரையில் காவிரியில் தண்ணீர் ஏது? வெள்ளை மணலும் நடுவில் கோடு போட்டதுபோல் கொஞ்சம் ஈரமும்தான். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அம்மா கையை வெளியே நீட்டிக் காற்றை வாங்குவார். வருடா வருடம் ஒரே பேச்சு: "ஆடியில ஒரு தடவ வரணுங்க. தண்ணியோட பாக்கணும்." ஆடி வரும்போது எங்களுக்குப் பள்ளிக்கூடம், அத்தாவுக்கு ஷிஃப்ட். ஒரு தடவைகூடப் போகவில்லை.

ஸ்ரீரங்கத்தில் அத்தாவோடு வேலை பார்த்த சாரங்கன் மாமா வீடு இருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டு, "வாங்கோ பாய், குழந்தேள்லாம் வெயில்ல வாடிப் போயிடுத்தே! பெருமாள் இப்பத்தான் தேர்ல ஏறியிருக்கார், மெதுவாத்தான் வருவார். பானகம் சாப்டுட்டுப் போலாம்" என்பார். அந்தப் பானகத்தைக் குடித்துவிட்டு, கூட்டத்தில் வளையல் கடை பார்த்துவிட்டு, தேர் வடத்தைத் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுத் திரும்புவோம். திரும்பும் ரயிலில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அம்மா எங்கள் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். இருந்தது நாங்கள் இரண்டே பேர்தான். அப்படியும் எண்ணுவார். அண்ணனுக்கு அப்போதே பதினெட்டு வயது. "நான் எங்கம்மா போகப் போறேன்?" என்று தலையை இழுத்துக்கொள்வார்.

இங்கே நான் ரயிலேறிப் போகாத திருவிழா இல்லை. தண்ணீர் நிறைந்த ஏரிகளைப் பார்த்துவிட்டேன். அந்த மணலுக்குத்தான் மனது ஏங்குகிறது.

4

அந்தச் சனிக்கிழமை நாங்கள் போகக் கிளம்பியது மலையடிவாரத்தில் ஓர் ஏரிக்கு. கரையில் திருவிழா, படகுகளுக்கு அலங்காரம், ஊர்ப் பிள்ளைகளின் வாத்தியக் குழு என்று தாளில் போட்டிருந்தது. காலையில் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டேன். ரீமா வரமாட்டேன் என்றாள். "மாமு மூணு வாரந்தான் இருப்பாரு. ஒரு நாள் வாயேன்" என்று கெஞ்சியதால் வந்தாள். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, எங்களுக்கு எதிரில் உட்கார்ந்தாள். ஐந்து நாளாக அவளுக்கும் அண்ணனுக்கும் நடந்த பேச்சு, "சாப்டியாம்மா?" "ம்." அவ்வளவே.

அண்ணனும் என்னோடு மனம் விட்டுப் பேசவில்லை. அதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரில் இருக்கும் எல்லாரையும் பற்றிச் சொன்னார். தெருவில் புது வீடு கட்டியவர்கள், கடை மாற்றியவர்கள், யார் பிள்ளை எங்கே படிக்கிறான் என்பது வரை. அம்மாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அம்மா மவுத்தாகி இரண்டு வருடம். நான் போகவில்லை. போக முடியவில்லை. அண்ணன் அதற்காக என் மேல் மனதுக்குள் கோபம் வைத்திருக்கிறார் என்று இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாதையில் போகும் ரயிலுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாதி வழியில் ஒரு ஜங்ஷனில் அது பிரியும். முன்பாதி ஓர் ஏரிக்கும் பின்பாதி இன்னோர் ஏரிக்கும் போகும். எந்தப் பெட்டியில் ஏறுகிறோம் என்று பார்த்து ஏற வேண்டும். நான் பார்த்துத்தான் ஏற்றினேன். செய்த தப்பு, அதைப் பெருமையாக அண்ணனிடம் சொன்னது.

"பிரியுமா? அங்கயேவா? எவ்வளவு நேரத்துல?"

"நாலஞ்சு நிமிஷந்தாண்ணே."

"நாலு நிமிஷத்துலயா! நம்ம பக்கம்னா ஒரு ஆளு கீழ எறங்கணும். ஹோஸ் பைப்பக் கழட்டணும், பெட்டியச் சேக்கிற கப்ளிங்கக் கழட்டணும், பச்சைக் கொடி காட்டணும்."

ஜங்ஷனில் ரயில் நின்றது. நான் பையில் அவருடைய சர்க்கரை மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அண்ணன் சீட்டில் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் குனிந்து நிற்கிறார். கீழே யாருமே இல்லாமல் அந்த இரும்பு வாய் தானாகத் திறந்து விலகியதை ஒரு குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள். கதவுகள் கீச்சிட்டன. அண்ணன் பதறிப்போய், பக்கத்தில் இருந்த கதவின் பச்சைப் பொத்தானை அழுத்தி ஏறிவிட்டார்.

அல்ஹம்துலில்லாஹ், ஏறிவிட்டார் என்று மூச்சு விட்டேன். எங்கள் பாதியில்தான் ஏறினார், உள்ளேயே நடந்து வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

எங்களுக்கு முன்னால் நின்ற பெட்டி மெதுவாக நகர்ந்தது. எங்கள் பெட்டி நகரவில்லை.

"ரீமா! மாமு! மாமு அதுல போறாருடி!"

அவள் காதில் இருந்ததைக் கழற்றிக்கொண்டு எழுந்து ஓடினாள். நாங்கள் இறங்குவதற்குள் அந்தப் பாதி வளைவு தாண்டிவிட்டது. எங்கள் பாதியும் எங்களை விட்டுவிட்டுக் கிளம்பியது.

5

அடுத்த ரயில் ஒரு மணி நேரம் கழித்து. பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். அண்ணனுடைய டிக்கெட் என் போனில். அவருடைய மாத்திரை என் பையில். சாப்பாடு என் மடியில். அவரிடம் இருப்பது ஊர் சிம் போட்ட போன்; இங்கே அது கடிகாரம்தான். வந்த அன்றைக்கே ஒரு துண்டுத் தாளில் என் நம்பரை எழுதி அவர் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதே சட்டையைத்தான் போட்டிருக்கிறாரா என்றுகூட எனக்கு நினைவு வரவில்லை.

மஞ்சள் சட்டை போட்ட ரயில்வே ஊழியர் ஒருவர் வந்தார். ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். எட்டு வருடம் நோயாளிகளோடு ஜெர்மனில் பேசுகிறவள் நான். அன்றைக்கு அந்த அறிவிப்பில் கேட்ட வார்த்தை மட்டும்தான் வாயில் நின்றது. ரயில் பிரிக்கப்படும் என்பதற்கு அவர்கள் சொல்லும் அதே வார்த்தையைப் போட்டு, "என் அண்ணன் இரண்டாகப் பிரிக்கப்பட்டுவிட்டார்" என்று சொல்லியிருக்கிறேன். அந்த மனிதர் முகம் வெளிறிப் போய்த் தண்டவாளத்தை எட்டிப் பார்த்தார். ரீமாதான் குறுக்கே வந்து விளக்கினாள். முன்பெல்லாம் நான் தப்பாகப் பேசினால் தலையைத் திருப்பிக்கொள்வாள். அன்றைக்கு என் தோளில் கை வைத்துக்கொண்டு பேசினாள். அவர் அடுத்த ஸ்டேஷன்களுக்குத் தகவல் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் எனக்கு இன்னொரு காத்திருப்புத்தான் ஞாபகம் வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், வடக்கே இருந்தபோது, என் குடியிருப்பு அனுமதி அட்டை காலாவதியாகிவிட்டது. புது அட்டைக்கு மனு கொடுத்திருந்தேன். வரவில்லை. இடைக்காலத்துக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு இங்கே இருக்கலாம், வேலை பார்க்கலாம். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. தினமும் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்த அலுவலகத்துக்குப் போய்ப் பார்க்க நேரம் கேட்பேன். "தற்போது நேரம் எதுவும் காலியில்லை" என்று வரும். அம்மாவோடு கடைசியாகப் பேசியபோதும், "பேப்பர் வந்துருச்சா?" என்றுதான் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "வந்துரும். நான் அல்லாகிட்ட துஆ செய்றேன்" என்றார்.

அதற்கப்புறம் நான் போன் செய்தபோதெல்லாம் அண்ணன்தான் எடுத்தார். அம்மா தூங்குகிறார், தொழுகிறார், பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறார். நான் நம்பினேன். உண்மையைச் சொன்னால், வேலைக்கு நடுவில் பத்து நிமிட இடைவேளையில் போன் செய்கிறவளுக்கு, அம்மா தூங்குகிறார் என்றால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம் ஒரு நாள் அண்ணன் கூப்பிட்டார். "அம்மா மவுத்தாயிட்டாங்க பானு. அஸர் தொழுகைக்கப்புறம் அடக்கம்." முகத்தைக் காட்டச் சொன்னேன். வீடியோவில் ஒரு நொடி வெள்ளைத் துணி தெரிந்தது. இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி அவர் எடுக்கவில்லை.

அம்மாவை அடக்கி இரண்டு வாரம் கழித்து அட்டை தபாலில் வந்தது.

என் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு பெண் மலைப்பக்கத்து ஜெர்மனில் படபடவென்று பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ரீமா வாங்கிப் பேசினாள். பேசப் பேசச் சிரித்தாள். "மாமு நல்லா இருக்காராம். ஒரு தாளைக் காட்டினாராம்" என்று ஜெர்மனில் என்னிடம் சொல்லிவிட்டுப் போனை நீட்டினாள்.

"பானு, பயப்படாத" என்றார் அண்ணன். "இங்கயும் ஒரு ஏரி இருக்கு."

6

அந்த ஏரிக்கரையிலும் அன்றைக்கு ஏதோ விசேஷம்தான். ஊர்த் தீயணைப்புக் குழுவின் கோடைத் திருவிழா. நீளமான மரப் பெஞ்சுகள், தோரணங்கள், ஒரு பக்கம் பித்தளை வாத்தியம். சிவப்பு வர்ணம் பூசிய பழைய தண்ணீர் பம்ப் ஒன்றை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். அண்ணன் அதன் பக்கத்தில் மண்டியிட்டு, உள்ளே விரலை விட்டு எதையோ காட்டிக்கொண்டிருந்தார். சீருடை போட்ட இரண்டு பெரிய மீசைக்காரர்கள் குனிந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பேசியது தமிழ். அவர்கள் பேசியது அவர்கள் பாஷை. மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

போன் செய்த அம்மாள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அண்ணனைக் கூப்பிட்டுப் பெஞ்சில் உட்கார வைத்தார்; அங்கே அவருக்கு ஒரு தட்டில் உருளைக்கிழங்கு அடை, ஆப்பிள் கூழோடு. "பன்னியா, பீரான்னு சைகையில கேட்டேன். அந்தம்மா சிரிச்சுட்டு இதக் கொண்டாந்து குடுத்துச்சு" என்றார் அண்ணன். "மாத்திர எங்க?"

மாத்திரையைக் கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன். அவர் விழுங்கி முடிக்கும்வரை பொறுமையாகத்தான் இருந்தேன். அதற்குப் பிறகு முடியவில்லை.

"சொல்லாம எறங்குவீங்களா? ஒரு வார்த்த சொல்லிட்டு எறங்குனா என்னண்ணே? நான் அங்க செத்துப் பொழச்சேன்!"

"அந்தக் கப்ளிங்கப் பாக்கலாம்னுதாம்மா..."

"எப்பவும் இப்படித்தான். எதையும் எங்கிட்ட சொல்ல மாட்டீங்க. அன்னைக்கும் பாதியில போன வச்சீங்க. அம்மா மூஞ்சியக் காட்டுங்கன்னு கதறினேன். எனக்குத் தண்டன குடுத்தீங்க இல்ல, வரலன்னு?"

பக்கத்துப் பெஞ்சில் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் எழுந்து தண்ணீர் ஓரமாக நடந்தார். நானும் போனேன். ரீமா கொஞ்சம் தள்ளி வந்து நின்றாள்.

"தண்டனயா?" என்றார் அண்ணன். "போன நான் வைக்கல பானு. கையிலிருந்து விழுந்துருச்சு. எடுக்கறதுக்குத் தெம்பில்ல. உங்கிட்டப் பேச மூஞ்சியும் இல்ல."

"ஏன்?"

அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அம்மா ஒரே நாள்ல போகல. பன்னெண்டு நாள் கெடந்தாங்க. பத்து நாள் ஆஸ்பத்திரியில."

நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"நீ போன் பண்றப்பல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுதான் பேசினேன். அங்க சேத்த மொத நாளே அம்மா சொல்லிட்டாங்க. 'அவகிட்ட சொல்லாத. சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துருவா. திரும்பிப் போக முடியாது. அந்தப் புள்ள படிப்பு என்னாவறது?' என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. நான் சரின்னுட்டேன்."

"நீங்க சரின்னுட்டீங்க."

"ஆமா."

"பன்னெண்டு நாளு. எனக்குச் சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன். வேல போனாப் போகட்டும்னு வந்திருப்பேன். யாரக் கேட்டு முடிவு பண்ணுனீங்க? அது எனக்கும் அம்மா இல்லையா?"

"நீ வந்திருப்ப. அதான் அம்மாவும் சொன்னாங்க" என்றார். "தப்புன்னு மண்ணு போடும்போதே தெரிஞ்சுபோச்சு. நாலாம் நாளே ஒனக்குச் சொல்லியிருக்கணும். ரெண்டு வருஷமா அந்த நாலாம் நாளத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். நீ இங்க, 'அம்மா மவுத்துக்குப் போகலயே'ன்னு அழறதா ஆளுங்க சொல்லுவாங்க. நான் வாயத் தொறக்கல. ஏரி பாக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? இதச் சொல்லத்தான் வந்தேன். ஆறு நாளா வாய் வரல. ரயில்ல ஒம் பக்கத்துல உக்காந்தா அம்மாவப் பாக்கிற மாதிரியே இருக்கு. அதான் எறங்கிட்டேன்."

நான் கோபத்தில் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூடாதவையும் சொன்னேன். அவர் தலை குனிந்து நின்றார். வாத்தியக்காரர்கள் ஒரு பாட்டை முடித்து இன்னொன்றைத் தொடங்கினார்கள். பேசிப் பேசி எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனபோது, கரையில் உட்கார்ந்துவிட்டேன். ரீமா வந்து எலுமிச்சைச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து மூன்று பேருக்கும் வைத்தாள். சாப்பிட்டோம். படகு பார்க்கவில்லை. திருவிழா பார்க்கவில்லை.

7

ஐந்து மணி ரயிலில் திரும்பினோம். அண்ணனை ஜன்னலோரம் உட்கார வைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரீமா எதிரில். வெளியே வைக்கோல் உருளைகள், மணி கட்டிய மாடுகள், வெயில் சாய்ந்த புல்வெளிகள் போய்க்கொண்டே இருந்தன. எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் கோபத்துக்குக் கீழே வேறொன்று இருந்தது. பசி மாதிரி. என் அம்மாவுடைய பன்னிரண்டு நாள் இந்த மனிதரிடம் இருக்கிறது. என்னிடம் இல்லை.

"அண்ணே" என்றேன். "அந்தப் பன்னெண்டு நாளையும் எனக்குச் சொல்லுங்க. மொத நாள்லேருந்து. எதையும் விடாம."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மொத நாள் செவ்வாய்க்கெழம" என்று தொடங்கினார். "காலையில எந்திரிச்சு டீ வேணான்னாங்க. அம்மா டீய வேணாம்னு சொல்லி நீ பாத்திருக்கியா? அப்பவே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு..."

ஒவ்வொரு நாளாகச் சொன்னார். இரண்டாம் நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவில் ஏறும்போது, வீட்டுச் சாவியைத் தானே வைத்துக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்தது. ஐந்தாம் நாள் நன்றாக எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டது. அன்றைக்கு டாக்டரே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றாராம். நடுவில் ஒரு நாள், ஊசி போட வந்த நர்ஸோடு அம்மா சண்டை போட்டிருக்கிறார். "எம் மகளும் நர்ஸுதான். அவ போட்டா போட்டதே தெரியாது. நீ போய் அவகிட்டக் கத்துக்கிட்டு வா" என்றாராம். அந்தப் பெண்ணும் விடாமல், "உங்க மக எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறாள். "ஜெர்மனியில. அங்க உள்ளவங்களுக்குப் போட்டுக்கிட்டு இருக்கா" என்றாராம் அம்மா. வார்டே சிரித்ததாம்.

நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதேன். எனக்கு அந்த நாள் இப்போதுதான் கிடைத்தது.

ரயில் மியூனிக் வந்து நின்றபோது அண்ணன் எட்டாம் நாளில் இருந்தார். எல்லாரும் இறங்கினார்கள். நாங்களும் இறங்கினோம். நான் எங்கள் வீட்டு ரயில் வரும் பிளாட்பாரத்தைப் பார்த்து நடந்தேன். பின்னால் இருந்து ரீமா, "அம்மா, நில்லு" என்றாள். அவள் அண்ணனை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்புறம் மாமு?" என்றாள். தமிழில். "ஒம்பதாவது நாள் என்ன ஆச்சு?"

அண்ணன் அவளைப் பார்த்து, அவளிடமே சொல்லத் தொடங்கினார். நான் வந்து இன்னொரு பக்கம் உட்கார்ந்தேன். எங்கள் ரயில் வந்து போனது. அதற்கு அடுத்ததும் போனது. வெயில் இன்னும் கூரைக் கண்ணாடியில் மஞ்சளாக இருந்தது. ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் எல்லாம் மெதுவாக வந்தன. பதினோராம் நாள் அம்மா பேசவில்லை. பன்னிரண்டாம் நாளை அண்ணன் இரண்டே வரியில் சொன்னார். விடியலில் சுபுஹு பாங்கு சொல்லி முடிந்தது, அவர் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்க ஸ்பூனை எடுத்தார், வாய் திறக்கவில்லை.

மவுத்துச் செய்தி கேட்டதும் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் எங்களுக்கு உண்டு. நாம் அல்லாஹ்வுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்புகிறோம் என்று பொருள். அன்றைக்கு நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அது என் வாயில் வரவே இல்லை. இப்போது சொன்னேன். அண்ணனும் கூடவே சொன்னார். ரீமாவுக்கு முழுசாகத் தெரியாது. கடைசி வார்த்தையில் வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள்.